கைராசியும் கத்தரிக்காயும்

நம் ஊரில் செடி வளர்ப்பவர்களை இரண்டே வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கைராசி உள்ளவர்கள், கைராசி இல்லாதவர்கள். எதிர் வீட்டு அக்கா ஒரு குச்சியை ஒடித்துச் சொருகினாலும் துளிர்க்கிறது. இந்த வீட்டிலோ, நர்சரியில் காசு கொடுத்து வாங்கி, ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டு வந்த ரோஜா பதினைந்தாம் நாள் வெறும் குச்சி. உடனே தீர்ப்பு வந்துவிடும். "உங்களுக்குக் கைராசிக்கா. எங்களுக்கெல்லாம் எதுவும் வராது." அத்தோடு தொட்டி மாடி மூலைக்குப் போய்விடும். அடுத்த வருடம் அதில் பழைய துடைப்பமும் உடைந்த டியூப்லைட்டும் செழித்து வளர்ந்திருக்கும் :-)

கைராசி என்று ஒன்று கிடையவே கிடையாது. வீட்டுத் தோட்டத்துக்கு வரும் பூச்சிகளிலேயே மோசமான பூச்சி இந்தச் சொல்தான். மாவுப்பூச்சி செடியைத்தான் தின்னும். கைராசி என்ற பேச்சு செடி வளர்க்கும் ஆசையையே தின்றுவிடும். ஏனென்றால் ராசி இல்லை என்று சொன்ன பிறகு "ஏன் செத்தது?" என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. செடி செத்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பெரும்பாலும் மிகச் சாதாரணமான காரணம்.

அந்த ரோஜாவையே எடுத்துக் கொள்ளுங்கள். நர்சரியில் இருந்து வரும் ரோஜாச் செடிகள் பலவற்றின் வேர் இறுகிய களிமண் உருண்டைக்குள் இருக்கும். அதை அப்படியே தொட்டியில் வைத்து மேலே மண்ணைப் போட்டு, பாசத்தில் காலையும் மாலையும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? தண்ணீர் வடியாது, வேருக்குக் காற்று கிடைக்காது, வேர் அழுகும். வேர் அழுகிய செடிக்கு எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் உறிஞ்ச முடியாது. ஆகவே இலை வாடும். இலை வாடியதைப் பார்த்து இன்னும் ஒரு குடம் ஊற்றுவார்கள். தொட்டிச் செடிகள் தாகத்தில் சாவதை விட இப்படி மூழ்கிச் சாவதே அதிகம். எதிர் வீட்டு அக்கா என்ன செய்கிறார் என்று உற்றுப் பாருங்கள். தண்ணீர் ஊற்றும் முன் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பார். ஈரம் இருந்தால் அன்றைக்கு அந்தத் தொட்டிக்கு லீவு. ராசி கையில் இல்லை, அந்த விரல் நுனியில் இருக்கிறது.

அடுத்தது காலம். ஏப்ரல், மே மாதத்தில் லீவு விட்டதும் பலருக்குத் தோட்ட ஆசை வரும். சென்னை மாதிரி ஊரில் தக்காளி வளர்க்க இதை விடத் தவறான நேரம் கிடையாது. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி இரவும் குளிராமல் போனால், தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்து விடும். அதுவும் கான்கிரீட் மாடியின் சூடு கேட்கவே வேண்டாம். அதே விதையை மழை ஓய ஓய நாற்று விட்டு, மார்கழி, தை மாதக் குளிரில் பூக்க வைத்தால் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று கிழவர்கள் சும்மா சொல்லவில்லை. ஆடியில் போட்ட அவரையும் பீர்க்கனும் ஐப்பசி அடைமழை வருவதற்குள் வேர் பிடித்துப் பந்தல் ஏறிவிடும். பழமொழியை மதித்து விதைத்தவருக்கு "கைராசி" என்று பெயர். மே மாதம் விதைத்தவருக்கு ராசி இல்லை என்று பெயர். இரண்டு பேர் கையும் ஒரே மாதிரிக் கைதான்.

இன்னொரு புகார் அடிக்கடி காதில் விழும். "பூசணி பூத்துத் தள்ளுது, ஒண்ணு கூட காய்க்கல." பூசணி, சுரை, பாகல் குடும்பத்தில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெரும்பாலும் ஆண் பூக்கள்தான் முதலில் வரும். பெண் பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு ஒன்று இருக்கும், அதை வைத்துக் கண்டுபிடித்து விடலாம். நாலாவது மாடிக்குத் தேனீ வராவிட்டால், காலையில் ஒரு ஆண் பூவைப் பறித்து அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவி விட்டால் போதும். பூசணிக்குக் காலை என்றால் சுரைக்கு மாலை, ஏனென்றால் சுரைப்பூ பொழுது சாயும் நேரத்தில்தான் மலரும். மூன்றாம் நாள் பிஞ்சு தடித்திருப்பதைப் பார்க்கும் சந்தோஷம் இருக்கிறதே, பரீட்சை ரிசல்ட் பார்க்கும் சந்தோஷத்துக்கு அது ஒன்றும் குறைந்ததில்லை.

சரி, பூச்சிக்கு வருவோம். செம்பருத்தியில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டிக் கொண்டிருக்கும் மாவுப்பூச்சியைப் பார்க்காத வீடு அபூர்வம். இதில் ஒரு வகைக்குத் தனி வரலாறே இருக்கிறது. பப்பாளி மாவுப்பூச்சி என்ற அது மெக்சிகோ பக்கத்துப் பிராணி. 2008-ல் கோவையில் முதன்முதலாகக் கண்ணில் பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று கிடைத்ததில் எல்லாம் ஏறியது. மருந்து அடித்தும் அடங்கவில்லை. தோட்டம் தோட்டமாக விவசாயிகள் நஷ்டப்பட்டார்கள். யாருக்கு ராசி இல்லை என்று சொல்வது? கடைசியில் பெங்களூருவில் உள்ள மத்திய அரசின் வேளாண் பூச்சி ஆய்வு நிறுவனம் 2010-ல் போர்ட்டோ ரிக்கோவில் இருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய ஒரு குளவியை வரவழைத்தது. அந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும், குஞ்சு உள்ளிருந்தே அதைத் தின்று வெளியே வரும். குளவியைத் தமிழ்நாட்டில் விட்ட சில மாதங்களிலேயே மாவுப்பூச்சி கட்டுக்குள் வந்தது. யார், எங்கிருந்து வந்தார், அவருக்கு எதிரி யார் என்று கேட்டவர்கள் ஜெயித்தார்கள். விஷயம் அவ்வளவுதான்.

வீட்டு மாடியிலும் இதே கேள்விகள்தான். அவரைக் கொடியில் எறும்பு ஊர்ந்தால் எறும்பைக் கொல்லக் கிளம்புகிறார்கள். எறும்பு செடியைத் தின்ன வருவதில்லை. நுனித் தளிரில் கறுப்பாக அப்பிக் கிடக்கும் அசுவினி விடும் இனிப்பு நீரைக் குடிக்க வருகிறது. பால் கறக்கும் மாட்டைப் போல அசுவினியைக் காவலும் காக்கிறது. அசுவினியைத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, ஒரு லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயை இரண்டு சொட்டு சோப்புக் கரைசலோடு கலந்து வெயில் தாழ்ந்த பிறகு தெளித்தால், எறும்பு தானாகவே வேறு வேலை தேடிப் போய்விடும். பொறிவண்டு இருந்தால் அந்த வேலையும் மிச்சம், அதன் சாப்பாடே அசுவினிதான். அதனால்தான் கண்ணில் படும் எல்லாவற்றையும் கொல்கிற மருந்து மாடிக்கு வேண்டாம் என்கிறார்கள்.

கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டிக் கொண்டிருந்தால் அது எச்சமாக இல்லாமலும் இருக்கலாம். வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கலாம். கொஞ்ச நாளில் பச்சையாக மாறி, சின்னச் செடியாக இருந்தால் மொட்டை அடித்துவிட்டுத்தான் போகும். நசுக்குவதா, விடுவதா? ரசத்துக்குக் கறிவேப்பிலை முக்கியமா, கூட்டுப்புழுவை உடைத்துக் கொண்டு ஈரச் சிறகோடு ஒரு வண்ணத்துப்பூச்சி வெளியே வருவதைக் குழந்தைகள் பார்ப்பது முக்கியமா? வீட்டுக்கு வீடு பதில் மாறும். ஆனால் இப்படி ஒரு கேள்வி காய்கறிக் கடையில் யாருக்கும் வருவதில்லை.

அணிலுக்கு மட்டும் யாரிடமும் சரியான மருந்து கிடையாது. மாதுளை பழுக்கிற அன்று காலை வீட்டுக்காரருக்கு ஐந்து நிமிடம் முன்பு அது வந்துவிடும். பழைய கொசுவலையைத் தைத்துக் கட்டிப் பார்க்கலாம். மிச்சத்தை அணிலோடு பங்கு போட்டுக் கொள்ள வேண்டியதுதான்.

இத்தனை பாடுபடுவது எதற்கு? இங்கேதான் இன்னொரு தவறான பேச்சு வந்து சேர்கிறது. "மாடித் தோட்டம் போட்டால் காய்கறிச் செலவு மிச்சம்." 2013-14-ல் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டப் பொருட்களை மானிய விலையில் கொடுக்கத் தொடங்கியது. நல்ல காரியம். பல மாடிகளில் முதல் செடி அப்படித்தான் முளைத்தது. ஆனால் "செலவு மிச்சம்" என்ற ஆசையோடு ஆரம்பிப்பவர்கள் கணக்குப் போட ஆரம்பித்தால் முதல் கோடையிலேயே கடையை மூடிவிடுவார்கள். குரோ பேக், தென்னைநார்க் கட்டி, மண்புழு உரம், வேப்பெண்ணெய், நிழல்வலை எல்லாம் சேர்த்தால் முதல் வருடத்துத் தக்காளி தங்கத்தக்காளிதான். பத்துப் பையில் ஒரு குடும்பம் மாதம் முழுக்கச் சாப்பிட முடியாது. கீரை, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, புதினா இவற்றில் வேண்டுமானால் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். அதற்கு மேல் சொல்வது வியாபாரப் பேச்சு.

மிச்சம் ஆவது வேறொன்று. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. சென்னையில் ரேஷன் கடைகளில் அரசே கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. ஊரெல்லாம் ஒரே பேச்சு, டீக்கடையில் தக்காளிச் சட்னி ஜோக்குகள். விலை விழும் காலத்தில் பறிக்கிற கூலி கூடத் தேறாமல் விவசாயி கூடை கூடையாக ரோட்டோரம் கொட்டும்போது அந்தப் பேச்சில் பத்தில் ஒரு பங்கு கூட இருக்காது. மாடியில் இரண்டு தக்காளிச் செடியை நாற்றில் இருந்து பழம் வரை கொண்டு வந்தவர் இந்த இரண்டு செய்தியையும் வேறு மாதிரிப் படிப்பார். இலை சுருண்டதும், பூ உதிர்ந்ததும், ஒரு ராத்திரி மழையில் பழம் வெடித்ததும் அவருக்குத் தெரியும். இரண்டு செடிக்கே இந்தப் பாடு. இதையே ஏக்கர் கணக்கில், கடன் வாங்கி, தப்பினால் அடுத்த வருடம் என்ன என்று தெரியாமல் செய்கிறவருக்கு எப்படி இருக்கும்? கீரைக்காரம்மாவிடம் ஒரு கட்டுக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி நிற்க அவருக்கு வாய் வராது. விவசாயி நொடித்துப் போனால் "அவர் தலையெழுத்து" என்று சொல்லி நகர்வதும், செடி செத்தால் "கைராசி இல்லை" என்பதும் ஒரே மாதிரிப் பேச்சு என்பது அவருக்கு அப்போது விளங்கும். அங்கேயும் காரணங்கள் இருக்கின்றன. விலை, கடன், தண்ணீர், பூச்சி. கேட்டால்தானே தெரியும்.

எல்லோருக்கும் மாடி இல்லை என்பதும் உண்மைதான். வாடகை வீட்டில் "தளம் ஒழுகும், தொட்டி வைக்காதீங்க" என்று ஓனர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. அவர் பயத்திலும் நியாயம் இருக்கிறது. ஈரப் பையை நேரே தளத்தில் வைத்தால் ஒழுகத்தான் செய்யும். செங்கல்லோ ஸ்டாண்டோ வைத்துத் தூக்கி வைத்தால் ஒத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. தண்ணீரும் அப்படித்தான். 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மிதந்த சென்னைக்கு, 2019 ஜூனில் குடிக்கத் தண்ணீர் இல்லை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டு கிடந்தன. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற அந்த மாதங்களில், அரிசி களைந்த தண்ணீரும் ஏசியில் சொட்டும் தண்ணீரும்தான் தொட்டிகளுக்கு வழி. (ஆர்.ஓ. கழிவு நீரை மட்டும் தொடர்ந்து ஊற்றாதீர்கள். உப்பு அதிகம், மண்ணில் சேர்ந்துவிடும்.) குடிக்கவே இல்லாதபோது செடியா என்று கேட்டால், அப்போது செடி வேண்டாம். மழை வந்த பிறகு மறுபடி விதைத்துக் கொள்ளலாம். விதைக்குப் பொறுமை ஜாஸ்தி.

ஹாஸ்டலில் இருக்கும் நண்பர்கள் "இதெல்லாம் எங்களுக்கு இல்லை" என்று கழன்று கொள்ள வேண்டாம். ஐஸ்கிரீம் டப்பா ஒன்று, அடியில் நாலு ஓட்டை, வாசல் மரத்தடியில் இருந்து கொஞ்சம் மண், மெஸ் அண்ணனிடம் கேட்டு வாங்கிய ஒரு ஸ்பூன் வெந்தயம். ஒரு ராத்திரி ஊறவைத்து, தூவி, மேலே மெல்லிசாக மண் போட்டு, வெயில் படும் ஜன்னலில் வைத்தால் மூன்று நான்கு நாளில் முளைத்துவிடும். முதல் பச்சை தெரிகிற அன்று ரூமில் இருக்கும் அத்தனை பேரும் வந்து எட்டிப் பார்ப்பார்கள். முளைக்கவில்லை என்றால், யாருக்கு ராசி இல்லை என்று ஆராய வேண்டாம். மண்ணைக் கிளறி விதையைப் பாருங்கள். அழுகியிருந்தால் தண்ணீர் அதிகம், காய்ந்திருந்தால் தண்ணீர் போதவில்லை, விதையே காணோம் என்றால் எறும்பு. ஒரு ஸ்பூன் வெந்தயம்தானே, மறுபடி போடுங்கள்.