குளியலறையில் ஓர் அணுகுண்டு

விருதுநகரில் கீசரா என்று சிரிப்பவர்கள், எழுபது தாண்டிய தங்கள் அம்மாவை மார்கழி விடியலில் போர்வெல் தண்ணீரில் குளிக்கச் சொல்லிப் பார்க்கட்டும். பிறகு பேசலாம்.

போன மார்கழியில் ஒருநாள் எங்கள் வீட்டு கீசர் பச்சைத் தண்ணீராகக் கொட்டியது. மெக்கானிக் வந்தார். மூடியைக் கழற்றினார், ரெண்டு ஒயரைத் தொட்டார், தீர்ப்பு சொல்லிவிட்டார். ''தெர்மோஸ்டாட் போயிருச்சு அண்ணாச்சி. மதுரையிலருந்துதான் வரணும். இப்போதைக்கு டைரக்ட் குடுத்துர்றேன்.'' போகிற போக்கில் இன்னொரு உபகாரம். சொட்டிக்கொண்டிருந்த வால்வில் எம்-சீலை அப்பி அடைத்தார். ''தண்ணி வேஸ்ட்டாப் போகுதுல்ல!''

காசையும் கொடுத்து, தேங்க்ஸ் வேறு சொன்னேன். பி.காம். படித்தவனின் விஞ்ஞான அறிவு அவ்வளவுதான். அன்று ராத்திரி, தூக்கம் வரட்டுமே என்று கீசரோடு வந்த சின்னப் புத்தகத்தைப் புரட்டினேன். இருந்த தூக்கமும் போச்சு.

தண்ணீர் சூடானால் விரியும். 25 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குக் காய்ச்சினால் ஏறக்குறைய 400 மில்லி கூடுகிறது. வந்த குழாயில் திரும்பிப் போகவிடாமல் ஒருவழி வால்வு தடுப்பதால், அந்த 400 மில்லிக்கு இருக்கிற ஒரே வாசல் பாதுகாப்பு வால்வுதான். காயும்போது அது சொட்டினால் ரிப்பேர் இல்லை, வேலை பார்க்கிறது என்று அர்த்தம். (கீசர் அணைந்து கிடக்கும்போதும் விடாமல் ஒழுகினால் ஆளைக் கூப்பிடுங்கள்.)

தெர்மோஸ்டாட் ஒரு காவல்காரன். அவன் தூங்கிவிட்டால் கரன்ட்டை நிறுத்த, கட்-அவுட் என்று இன்னொருவன். 'டைரக்ட்' கொடுப்பதென்றால் ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவது. வால்வையும் அடைத்தால் வாசலுக்கும் பூட்டு. சுவிட்சை அணைக்க மறந்தால், 100 டிகிரியைத் தாண்டியும் ஆவியாக வழியில்லாமல் தண்ணீர் உள்ளேயே முறுகும். தொட்டி கிழிகிற நொடியில் அது ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் முழுசாக ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல்!

இதை இந்தப் பக்கத்து ஆட்களுக்கா சொல்லித் தரணும்? அணுகுண்டு வெடிக்கு ஏன் சணலை அவ்வளவு இறுக்கிச் சுற்றுகிறார்கள் என்று சிவகாசிப் பையனைக் கேளுங்கள். அடைத்தால்தான் வெடி.

2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போனபோது, 'ஒரு அறையில நாலு பேருக்கு மேல உக்கார வைக்கலாமா? ரூல்ஸ் எதுக்கு இருக்கு?' என்று டீக்கடை டீக்கடையாகக் கொதித்தோம். அதே நாம்தான் வீட்டில், 'இப்போதைக்கு ஓடுனாப் போதும்ப்பா' என்கிறோம். ஆலைக்காரன் செய்தால் விதிமீறல், நாம் செய்தால் அட்ஜஸ்ட்மென்ட்!

மெக்கானிக்கை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. அவருக்கு யார் பாடம் எடுத்தார்கள்? பிரிட்டனில் இப்படி மூடிய வெந்நீர்த் தொட்டியை மாட்டுவதற்குக் கட்டட விதியே இருக்கிறது. அதற்கென்று தகுதி பெற்றவர்தான் கை வைக்கணும். இங்கே ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் தகுதி வந்துவிடுகிறது. கம்பெனிக்காரர்கள் எச்சரிக்கையைப் பொடி எழுத்து இங்கிலீஷில் புத்தகத்துக்குள் ஒளித்து வைக்கிறார்கள். 'வால்வை அடைக்காதீர்கள்' என்று கீசர் மேலேயே தமிழில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் என்னவாம்? நாட்டுக்கே காலண்டர் அடித்துக் கொடுக்கிற சிவகாசியில் ஸ்டிக்கருக்கா பஞ்சம்?

மறுநாள் வேறொரு எலெக்ட்ரீஷியன் வந்தார். மெயினை அணைத்துவிட்டு உள்ளே பார்த்தார். தெர்மோஸ்டாட் நன்றாகத்தான் இருந்தது. போர்வெல் உப்பு காயிலில் முறுக்கு மாதிரி படிந்து, சூடு தண்ணீருக்குப் போகாமல் அங்கேயே தேங்கி, கட்-அவுட் விழுந்திருக்கிறது. உப்பைச் சுத்தம் செய்து, ரெண்டு காவல்காரர்களையும் பழையபடி இணைத்து, கட்-அவுட் பட்டனை அமுக்கினார். வெந்நீர் வந்துவிட்டது.

எம்-சீல் அப்பிய வால்வைத் தூக்கியெறிந்து புதுசு போட்டாயிற்று. அது இப்போது ஜோராகச் சொட்டுகிறது. கீழே ஒரு வாளி. ஆறிய பிறகு அம்மா அதைத் துளசிக்கு ஊற்றிவிடுகிறார்.