நார்ஃபோக் தீவு: சட்டமன்றத்தைக் கலைத்தால் பொறுப்பு வந்துவிடுமா?

2025 ஏப்ரல் 2-ம் தேதி, அமெரிக்க அதிபர் ட்ரம்ப் உலக நாடுகளுக்கெல்லாம் இறக்குமதி வரி போட்டுப் பட்டியல் வெளியிட்டது ஞாபகம் இருக்கும். மனிதர்களே இல்லாத, பென்குயின்கள் வாழும் தீவுகளுக்கும் வரியா என்று அன்று முழுக்க மீம்ஸ் பறந்தன. அதே பட்டியலில் இன்னொரு விநோதமும் இருந்தது. ஆஸ்திரேலியாவுக்கு 10 சதவீத வரி. ஆனால், ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான நார்ஃபோக் தீவுக்கு 29 சதவீதம்!

மொத்தமே சுமார் 2,200 பேர் வாழும் தீவு அது. சுற்றுலாதான் பிழைப்பு. அமெரிக்காவோடு போட்டி போட அங்கே என்ன இருக்கிறது என்று சிரித்துவிட்டு நாமெல்லாம் அடுத்த மீமுக்குப் போய்விட்டோம். தீவுக்காரர்களுக்கு மட்டும் அதில் ஒரு கசப்பு இருந்திருக்கும். ‘நாங்கள் தனி மக்கள், எங்களை நாங்களே ஆள விடுங்கள்’ என்று பத்து வருஷமாகக் கேட்கிறார்கள். கான்பரா காது கொடுக்கவில்லை. கடைசியில் ஒரு வரிப் பட்டியல்தான் அவர்களைத் தனியாக எழுதியது.

இந்தத் தீவுக்கு 2015 வரை சொந்தமாக ஒரு சட்டமன்றம் இருந்தது. ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் அதைக் கலைத்தது. நிதி நிர்வாகம் சரியில்லை, கஜானா காலி, கேள்வி கேட்க ஆளில்லை என்பவை அப்போது சொல்லப்பட்ட காரணங்கள். அவற்றில் உண்மை இருந்தது. ஆனாலும் அந்தத் தீர்வு தவறு என்பதே என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

யார் இவர்கள்?

பசிபிக் பெருங்கடலில் நியூசிலாந்துக்கும் நியூ கலிடோனியாவுக்கும் நடுவில் இருக்கிறது நார்ஃபோக். ஆஸ்திரேலியக் கரையிலிருந்து கிழக்கே சுமார் 1,400 கிலோமீட்டர். பரப்பளவு 35 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

1788 முதல் இரண்டு கட்டங்களாக இதை பிரிட்டன் கைதிகளை அடைக்கும் இடமாக வைத்திருந்தது. 1855-ல் அது முடிவுக்கு வந்தது. அடுத்த வருஷம் ஜூன் 8-ம் தேதி, பிட்கெய்ர்ன் தீவிலிருந்து 194 பேர் இங்கே வந்து இறங்கினார்கள். 1789-ல் ‘பவுன்டி’ கப்பலில் கேப்டனுக்கு எதிராகக் கலகம் செய்த மாலுமிகளுக்கும் தாஹிட்டிப் பெண்களுக்கும் பிறந்த வம்சம் அது. இன்றும் தீவில் ஜூன் 8 பெரிய விழா. பழைய ஆங்கிலமும் தாஹிட்டி மொழியும் கலந்த ‘நார்ஃபுக்’ என்ற சொந்த மொழி உண்டு. தொலைபேசி டைரக்டரியில் ஆட்களைப் பட்டப்பெயரை வைத்துத் தேடும் அளவுக்கு எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

விக்டோரியா மகாராணி இந்தத் தீவை எங்கள் முன்னோருக்கே கொடுத்தார் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆஸ்திரேலியா அதை ஏற்றதே இல்லை. 1914-ல் தீவு ஆஸ்திரேலியாவின் ஆட்சிப் பகுதியானது.

1979: கிடைத்த சாவி

1976-ல், ஒரு விசாரணை ஆணையம் தீவை ஆஸ்திரேலியாவோடு முழுசாக இணைக்கச் சொன்னது. எதிர்ப்பு வந்தது. கடைசியில் நடந்ததோ நேர்மாறு. 1979-ல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் நார்ஃபோக் தீவுச் சட்டத்தை நிறைவேற்றி ஒன்பது உறுப்பினர் சட்டமன்றத்தைக் கொடுத்தது.

சாதாரண நகராட்சி அதிகாரம் இல்லை அது. சுங்கம், குடியேற்றம், மருத்துவம், சமூக நலம் எல்லாம் தீவின் கையில். ஆஸ்திரேலிய வருமான வரி கிடையாது. அதற்குப் பதிலாக ஆஸ்திரேலியாவின் ‘மெடிகேர்’ மருத்துவத் திட்டமும் சமூக நலத் தொகைகளும் கிடையாது. எங்கள் வரி, எங்கள் செலவு என்ற ஏற்பாடு.

எங்கே சறுக்கியது?

சுற்றுலா நன்றாக ஓடியவரை வண்டி ஓடியது. 2008 உலக நிதி நெருக்கடிக்குப் பிறகு வருவாய் விழுந்தது. தீவு அரசே சொந்தமாக ஒரு விமான சேவை நடத்தியது; 2012-ல் அதை நிறுத்த வேண்டியதாயிற்று. அதற்கு முன்பே, 2010-ல், தீவு அரசு கான்பராவிடம் அவசர நிதி கேட்டுக் கைநீட்டியது. காசு தருகிறோம், ஆனால் சீர்திருத்தம் வேண்டும் என்றது கான்பரா. வரிவிலக்கை விட்டுக்கொடுத்து ஆஸ்திரேலிய வரி அமைப்புக்குள் வரவும் பேச்சு தொடங்கியது.

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சின்ன ஊரில் கணக்கு கேட்பது கஷ்டம். அமைச்சர் உங்கள் சித்தப்பா மகன், அதிகாரி உங்கள் பள்ளித் தோழன், கேள்வி கேட்க வேண்டிய பத்திரிகைக்காரர் பக்கத்து வீடு. ‘எல்லோரும் நம்மாளுங்கதானே’ என்ற உறவு ஊருக்கு அழகுதான், ஆட்சிக்கு ஆபத்து. அதனால்தான் சின்ன ஆட்சிகளுக்கு வெளியிலிருந்து வரும் தணிக்கை, குறைதீர்ப்பாளர், தகவல் அறியும் உரிமை ஆகியவை ரொம்ப முக்கியம்.

ஆஸ்திரேலியா தன் தகவல் உரிமைச் சட்டத்தையும், குறைதீர்ப்பாளர் அதிகாரத்தையும், நிர்வாக மேல்முறையீட்டு வசதியையும் தீவுக்கு நீட்டித்தது எப்போது தெரியுமா? 2010-ல்தான். சட்டமன்றம் தொடங்கி 31 வருஷம் கழித்து! அந்தக் கருவிகள் வேலை செய்கின்றனவா என்று பொறுத்துப் பார்க்கவும் இல்லை. 2014-ல் நாடாளுமன்றக் கூட்டுக்குழு சுயாட்சியை நீக்கப் பரிந்துரைத்தது. 2015-ல் ஆட்டம் முடிந்தது.

624-க்கு 266

கலைப்பு வருகிறது என்று தெரிந்ததும் தீவு அரசு 2015 மே 8-ல் ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. எங்கள் அரசியல் நிலையை நாங்களே தீர்மானிக்கும் உரிமை வேண்டுமா, ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் முடிவெடுக்கும் முன் எங்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டுமா என்பதுதான் கேள்வியின் சாரம். வேண்டும் என்றவர்கள் 624 பேர். வேண்டாம் என்றவர்கள் 266 பேர்.

ஒரு வாரத்துக்குள் கான்பராவில் கலைப்பு மசோதா நிறைவேறியது. ஜூனில் சட்டமன்றம் இல்லாமல் போனது.

அந்த 266 பேரையும் மறக்கக் கூடாது. மெடிகேர் வேண்டும், ஓய்வூதியம் வேண்டும் என்று நினைத்தவர்கள் தீவில் இருந்தார்கள். அது நியாயமான ஆசை. 2016 ஜூலை 1 முதல் அவை வந்தன. கூடவே வருமான வரியும் வந்தது. வயதானவர்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் இது நிஜமான நன்மை. ஆனால் மருத்துவ அட்டை கொடுப்பதற்குச் சட்டமன்றத்தை எடுக்க வேண்டிய அவசியம் என்ன? வரியும் நலத்திட்டமும் ஒரு பேரம்; யார் ஆள்வது என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டியதில்தான் சிக்கல் ஆரம்பித்தது.

இப்போது யாரைக் கேட்பது?

2016-க்குப் பிறகான ஏற்பாட்டைக் கொஞ்சம் கவனியுங்கள்.

தீவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலச் சட்டங்கள் அமலுக்கு வந்தன. ஆனால் அந்த மாநிலச் சட்டமன்றத்துக்கு வாக்களிக்கும் உரிமை தீவு மக்களுக்கு இல்லை. பள்ளி, மருத்துவமனை போன்ற மாநிலச் சேவைகளை முதலில் நியூ சவுத் வேல்ஸ் கவனித்தது. 2022 முதல் அந்தப் பொறுப்பு குயின்ஸ்லாந்துக்கு மாறியது. குயின்ஸ்லாந்து தேர்தலிலும் அவர்களுக்கு ஓட்டு இல்லை. நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டு உண்டு, எங்கே? சுமார் 1,900 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கான்பராவில் ஒரு தொகுதியில். ஒரு லட்சம் வாக்காளர்களுக்கு நடுவே தீவின் ஓட்டு ஒரு சொட்டு.

நம்மூர் உதாரணமாக இப்படிக் கற்பனை செய்யுங்கள். நீங்கள் இருப்பது ஒரு தீவு. உங்களுக்கான சட்டம் பெங்களூரில் எழுதப்படுகிறது. டாக்டரையும் ஆசிரியரையும் திருவனந்தபுரம் அனுப்புகிறது. உங்கள் எம்.பி. டெல்லி நகரத்துத் தொகுதிக்காரர். ஆஸ்பத்திரியில் ஒரு குறை என்றால் எந்தக் கதவைத் தட்டுவீர்கள்? ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டலாம். யாருடைய பதவியும் உங்கள் ஓட்டால் போகாது.

பொறுப்புக்கூறல் என்ற பெயரில் வந்த ஏற்பாடு இது. அதிகாரிகள் மேலே கான்பராவுக்குக் கணக்குக் காட்டுகிறார்கள், உண்மைதான். கீழே மக்களுக்குக் காட்டும் கணக்கு காணாமல் போய்விட்டது.

கான்பரா போட்ட திட்டமும் தோற்றது

சட்டமன்றத்தின் இடத்தில் ஐந்து உறுப்பினர் பிராந்திய கவுன்சில் வந்தது. அதை வடிவமைத்தது கான்பராதான். ஐந்தே வருஷத்தில் அதுவும் நிதிச் சிக்கலில் மாட்டியது. 2021-ல் கவுன்சில் இடைநிறுத்தப்பட்டது, விசாரணை நடந்தது, அந்த வருஷ முடிவில் உறுப்பினர்கள் அனைவரும் நீக்கப்பட்டார்கள். அவர்கள் இடத்தில் நியமன நிர்வாகி. அதன்பின் வருஷக்கணக்கில் தேர்தலில் வந்த கவுன்சில் தீவில் இல்லை.

சுயாட்சி இருந்தபோதும் கணக்கு உதைத்தது; எடுத்த பிறகும் உதைத்தது. அப்படியென்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. 2,200 பேரின் வரியில் ஒரு விமான நிலையத்தையும் ஒரு துறைமுகத்தையும் சாலைகளையும் யார் ஆண்டாலும் பராமரிக்க முடியாது. இது கணக்குப் பிரச்சினை. ஆள்வதற்குத் தீவு மக்களுக்குத் தகுதி இல்லை என்பதற்கான சான்றாக இதைக் காட்டியது அநியாயம்.

மற்ற தீவுகளில் என்ன நடந்தது?

ஊழல் நடந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கரீபியனில் இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன. பிரிட்டனின் ஆட்சிப் பகுதியான டர்க்ஸ் அண்ட் கைகோஸ் தீவுகளில் ஊழல் புகார்கள் கிளம்பி, 2009-ல் பிரிட்டன் அங்கே சுயாட்சியை நிறுத்திவைத்தது. நேரடி ஆட்சி அங்கேயும் கசந்தது. ஆனால் 2012 நவம்பரில் புதிய அரசமைப்போடு தேர்தல் நடந்து, ஆட்சி மக்கள் கைக்குத் திரும்பியது.

பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளின் கதை இன்னும் காரம். 2022-ல் அதன் முதல்வர் போதைப்பொருள் கடத்தல் வழக்கில் மயாமியில் கைதானார். அதே சமயம், அரசமைப்பைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்லி விசாரணை ஆணையத்தின் அறிக்கையும் வெளியானது. மக்கள் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். திருடனைப் பிடியுங்கள், எங்கள் ஓட்டைப் பிடுங்காதீர்கள் என்பதுதான் அவர்கள் வாதத்தின் சாரம். பிரிட்டன் அரசமைப்பை நிறுத்தவில்லை; சீர்திருத்தத்துக்குக் காலக்கெடு கொடுத்தது. முன்னாள் முதல்வருக்கு அமெரிக்க நீதிமன்றம் சிறைத் தண்டனை கொடுத்தது. தப்பு செய்தவர் தனியாகத் தண்டனை பெற்றார்; சட்டமன்றம் அப்படியே இருந்தது.

நார்ஃபோக்கில் யாரும் போதைப்பொருள் கடத்தவில்லை. காசு பற்றவில்லை, அவ்வளவுதான். தண்டனை மட்டும் அங்கேதான் பெரிசு. திரும்பக் கிடைக்கும் தேதியும் சொல்லப்படவில்லை.

2,200 பேருக்கெல்லாம் சுயாட்சியா என்பவர்கள் நியூவே தீவைப் பார்க்கலாம். நார்ஃபோக்கைவிட மக்கள் தொகை குறைவு. 1974 முதல் தன்னைத்தானே ஆள்கிறது. மக்கள் நியூசிலாந்துக் குடிமக்கள்; நியூசிலாந்து நிதியும் தருகிறது.

என்ன செய்யலாம்?

2016-ல் தீவுக்காரர்கள் பழைய சட்டமன்றம் இருந்த கிங்ஸ்டன் பகுதியில் கூடாரம் போட்டுப் போராடினார்கள். ஐ.நா. வரை மனு போனது. அவர்களில் பலர் கேட்பது தனி நாடு இல்லை. தங்கள் விஷயத்தில் தங்களுக்கு ஒரு பிடி.

அதைக் கொடுக்க முடியும். வரியும் நலத்திட்டமும் இப்போதிருக்கிறபடியே தொடரட்டும். விமான நிலையம், துறைமுகம் போன்ற பெரிய செலவுகளுக்குக் கான்பரா சட்டப்படி நிதி ஒதுக்கட்டும். நிலம், சுற்றுலா, மொழி, பள்ளி போன்றவற்றில் முடிவெடுக்கும் அதிகாரம் தேர்தலில் வரும் ஒரு அவைக்குப் போகட்டும். கணக்கை வெளியாள் தணிக்கை செய்து, அறிக்கையைத் தீவு மக்கள் படிக்கும்படி வெளியிடட்டும். இவற்றுக்கெல்லாம் முன்னால், எந்த ஏற்பாடு வேண்டும் என்று அந்த மக்களிடமே ஒரு வாக்கெடுப்பு நடத்தட்டும். இந்த முறை முடிவை மதிக்கும் உறுதியோடு.

காசு கொடுப்பவருக்குக் கணக்கு கேட்கும் உரிமை உண்டு. வீட்டுச் சாவியை வாங்கிக்கொள்ளும் உரிமை அதில் அடங்காது. ரோட்டில் பள்ளம் விழுந்தால், அதை மூடாதவரை அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்ப முடிய வேண்டும். அந்த வசதி 1979-ல் நார்ஃபோக் மக்களுக்குக் கிடைத்தது, 2015-ல் போனது. அதைத் திருப்பிக் கொடுப்பதுதான் கான்பரா காட்ட வேண்டிய முதல் பொறுப்பு.