கைபேசிக்குள் ஒரு கிளி ஜோசியம்

சேலம் சூரமங்கலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவி என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை 62 கிலோ. கைபேசியில் ஒரு கலோரிச் செயலியை இறக்குகிறாள். வயது, உயரம், எடை எல்லாம் கேட்டுவிட்டு அது பதில் சொல்கிறது: 'தினமும் 500 கலோரி குறைத்தால் 18 வாரத்தில் 54 கிலோ!' அன்றிலிருந்து இட்லியை எண்ணுகிறாள், சட்னியை அளக்கிறாள், தோழிகள் தட்டுவடை செட் சாப்பிடும்போது தண்ணீர் பாட்டிலோடு ஒதுங்கி நிற்கிறாள். 18 வாரம் முடிந்ததும் எடைமேடை காட்டுவது 58. 'எனக்குத்தான் கட்டுப்பாடு இல்லை' என்று அழுகிறாள். செயலி தவறாகச் சொல்லியிருக்கலாம் என்ற சந்தேகம் மட்டும் அவளுக்கு வருவதே இல்லை!

கிளி ஜோசியக்காரர் சொன்னது பலிக்காவிட்டால் ஜோசியரைக் கேலி செய்கிற உலகம், செயலி சொன்னது பலிக்காவிட்டால் தன்னையே நொந்துகொள்கிறது. ஏன்? எண்ணாகச் சொன்னதால்தானே?

அந்த எண் எங்கிருந்து வருகிறது? 1958-ல் மாக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு பவுண்டு உடல் எடைக்கு 3500 கலோரி என்று கணக்கிட்டார். கிலோவுக்குச் சுமார் 7700. எடைக் கணிப்புகள் பலவற்றுக்கும் இந்த வகுத்தல் கணக்குதான் அடித்தளம். இதை அப்படியே ஓட்டிப் பார்த்தால் என்ன ஆகும்? 62 கிலோவை 7700-ஆல் பெருக்கி 500-ஆல் வகுத்தால் 955 நாள். அதாவது இரண்டு வருஷம் ஏழு மாதத்தில் அந்த மாணவி பூமியிலிருந்தே காணாமல் போயிருக்க வேண்டும்!

உடம்பு அப்படிக் கரைவதில்லை. எடை குறையக் குறைய அது செலவழிக்கும் சக்தியும் குறைகிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழுவினர் 2011-ல் 'லான்செட்' இதழில் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார்கள். அதிக எடையுள்ள சராசரி மனிதர் தினம் 500 கலோரி குறைத்துக்கொண்டே வந்தால் கடைசியில் இறங்குவது சுமார் 21 கிலோ. அதில் பாதி இறங்கவே ஒரு வருஷம் ஆகும், முழுவதும் இறங்க மூன்று வருஷத்துக்கு மேல். பழைய வகுத்தல் கணக்கோ ஒரே வருஷத்தில் 23 கிலோவுக்கு மேல் என்கிறது. நிஜத்தில் கிடைப்பது அதில் பாதிகூட இல்லை.

சூத்திரத்தைத் திருத்திவிட்டால் சரியாகிவிடுமா? ஆகாது. உள்ளே போடும் எண்களே ஆட்டம் காண்கின்றன.

முதலில் உடம்பின் செலவு. செயலிகள் பரவலாகப் பயன்படுத்தும் மிஃப்ளின் சூத்திரம் 1990-ல் அமெரிக்காவில் 498 பேரை அளந்து உருவாக்கியது. சேலத்து உடம்புக்கும் அது பொருந்துமா என்று கேட்பது விதண்டாவாதம் அல்ல. 2010-ல் இந்தியர்களுக்கான சத்துத் தேவையை வகுத்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிபுணர் குழு, சர்வதேசச் சூத்திரத்திலிருந்து 5 சதவீதம் குறைத்தே கணக்கிட்டது. கையில் கட்டும் பட்டைகள் இன்னும் மோசம். ஸ்டான்ஃபோர்டில் 2017-ல் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, கலோரிக் கணக்கில் மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மிக மோசமானது 93 சதவீதம்!

அடுத்தது வரவு, அதாவது சாப்பாடு. நாமக்கல் முட்டையை எண்ணிவிடலாம், ஒன்றுக்குச் சுமார் 70 கலோரி. விடுதிக் குழம்பை எப்படி எண்ணுவது? ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918-ல் நம் குன்னூரில் பிறந்தது. அது 2017-ல் வெளியிட்ட அட்டவணையில் 528 உணவுப் பொருட்கள் உள்ளன. பெரும்பாலும் பச்சைப் பொருட்களே. அரிசிக்கும் பருப்புக்கும் அளவு உண்டு. சூரமங்கலத்துத் தள்ளுவண்டித் தட்டுவடை எவ்வளவு எண்ணெய் குடித்தது என்பது எந்த அட்டவணையிலும் இல்லை. ஒரு தோசைக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய் கூடினால் 45 கலோரி. நான்கு தோசைக்கு 180. குறைத்த 500-ல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கல்லிலேயே போய்விட்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்?

மனிதர் எழுதும் கணக்கும் அப்படித்தான். 1992-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 'எவ்வளவு குறைத்தாலும் எடை இறங்கவில்லை' என்றவர்களைச் சோதித்தார்கள். சாப்பிட்டதில் சராசரியாக 47 சதவீதம் அவர்கள் குறிப்பில் ஏறவே இல்லை. அது பொய் அல்ல, மனிதக் கண்ணின் அளவு அவ்வளவுதான்.

இப்போது கூட்டிப் பாருங்கள். அந்த மாணவியின் செலவு 1800, வரவு 1300, மிச்சம் 500. இரண்டிலும் வெறும் 10 சதவீதம் பிசகினாலே, நிஜமான மிச்சம் 190-லிருந்து 810 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். 18 வாரத்தில் இறங்கப்போவது 3 கிலோவும் ஆகலாம், 13 கிலோவும் ஆகலாம். நேர்மையான செயலி இதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் '3 முதல் 13 வரை' என்றால் யார் சந்தா கட்டுவார்கள்? அதனால்தான் ஒற்றை எண்!

'செயலியால் இளைத்தவர்கள் இருக்கிறார்களே' என்று கேட்கலாம். உண்மைதான். சாப்பிடுவதை விடாமல் எழுதி வைப்பவர்கள் கூடுதலாக எடை குறைக்கிறார்கள் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. அது எழுதும் பழக்கத்தின் பலன். 40 பக்க நோட்டும் அதைச் செய்யும். 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், கலிஃபோர்னியாவில் 212 நோயாளிகளில் பாதிப் பேருக்கு 'மைஃபிட்னஸ்பால்' செயலி கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து இரு பாதிக்கும் எடையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. முதல் மாதத்துக்குப் பின் பெரும்பாலோர் செயலியைத் திறப்பதையே குறைத்துவிட்டார்கள்.

பலிக்காத ஜோசியத்தால் என்ன நஷ்டம் என்கிறீர்களா? 2017-ல் அமெரிக்காவில் உணவு உண்ணும் கோளாறு உள்ள 105 பேரிடம் கேட்டபோது, முக்கால்வாசிப் பேர் இதே செயலியைப் பயன்படுத்தியிருந்தார்கள். அவர்களில் 73 சதவீதம் பேர், தங்கள் நோயில் அதற்கும் பங்கு உண்டு என்று கருதினார்கள். செயலிதான் நோயைத் தந்தது என்று இதை வைத்து நிரூபிக்க முடியாது. ஆனால் எண் இறங்காதபோது 1300-ஐ 1000 ஆக்கி, 1000-ஐ 800 ஆக்கும் 19 வயதுப் பெண்ணை யோசித்துப் பாருங்கள்.

செயலியை அழிக்க வேண்டாம். குறிப்பேடாக இருக்கட்டும். வாரத்தில் பல நாள் எடை பார்த்துச் சராசரி எடுங்கள். நான்கு வாரச் சராசரி எந்தப் பக்கம் போகிறதோ அதுதான் உங்கள் உடம்பின் சூத்திரம். செயலி தயாரிப்பவர்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: தேதி குறித்துச் சொல்லும் அந்த ஒற்றை எண்ணை எடுத்துவிட்டு, எவ்வளவு பிசகலாம் என்பதையும் அதே பெரிய எழுத்தில் போடட்டும்.

18 வாரத்தில் நான்கு கிலோ குறைத்தவள் தோற்றவள் அல்ல, ஜெயித்தவள். தோற்றது அந்தக் கிளி எடுத்துக் கொடுத்த சீட்டு!