பார்க்காத படத்துக்கு ஒரு தீர்ப்பு

1965 டிசம்பர் 9 அன்று அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் முதன்முதலாக வந்த, 25 நிமிடமே ஓடுகிற ஒரு கார்ட்டூன் படம், சிங்கப்பூரில் தேக்காவைச் சுற்றி வளரும் தமிழ்ப் பிள்ளைகளின் பண்பாட்டு வேரில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருக்கிறது என்று நம் கட்டுரையாளர் கண்டுபிடித்திருக்கிறார். வாசகர் வட்டத்தில் அவர் தன் கட்டுரையை வாசித்து முடித்தபோது கைதட்டல் பலமாகவே இருந்தது. தட்டியவர்களில் எத்தனை பேர் அந்தப் படத்தைப் பார்த்திருந்தார்கள் என்று கேட்பது நாகரிகமில்லை. எழுதியவர் பார்த்தாரா என்றாவது கேட்கலாம் அல்லவா? ‘எ சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ்’ படத்தின் முடிவில் சிவப்பு மூக்கு மான் ஒன்று பறந்து வந்து அந்த மொட்டைத்தலைப் பையனைக் கரையேற்றுகிறது என்கிறாரே, எந்த மான்? எந்தக் காட்சியில்?

ஐயா, அந்த மானின் பெயர் ருடால்ஃப். 1964இல் என்பிசி தொலைக்காட்சியில் வந்த வேறொரு படத்தின் நாயகன் அது. ராங்கின்-பாஸ் நிறுவனம் தயாரித்த அந்தப் படம், பொம்மைகளை மயிரிழை மயிரிழையாக நகர்த்திப் படம்பிடித்தது. பொறுமையைச் சோதிக்கும் அந்த வேலை முழுவதையும் செய்தது டோக்கியோவில் டடஹிட்டோ மொச்சினாகாவின் குழு. ‘மேற்கத்தியக் கைவண்ணம்’ என்று கட்டுரை பொருமுவது இந்த ஜப்பானியக் கைகளைப் பார்த்துத்தான். சரி, சார்லி பிரவுன் படத்தையாவது வெள்ளைக்காரர் கணக்கில் எழுதலாமா என்றால், அதன் இயக்குநர் பில் மெலெண்டெஸ் மெக்சிகோவில் பிறந்தவர். இனி மேற்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கட்டுரையாளரே ஒரு வரைபடம் போட்டுத் தந்தால் உபகாரமாக இருக்கும்.

இந்தக் குழப்பத்தில் உண்மையில் நட்டப்பட்டவர் அவர்தான். பண்டிகையை வணிகம் விழுங்கிவிட்டது என்பதல்லவா அவருடைய முதல் குற்றச்சாட்டு? ருடால்ஃப் பிறந்தது 1939இல், மாண்ட்கமரி வார்டு என்ற அமெரிக்கப் பல்பொருள் அங்காடி தன் வாடிக்கையாளர் பிள்ளைகளுக்கு இலவசமாக விநியோகித்த சிறு புத்தகத்தில். அதாவது அந்த மானின் ஜாதகமே விளம்பரம். அதைக் கூண்டில் ஏற்றியிருந்தால் பாதி வழக்கு வென்றிருக்கும். கையில் கிடைத்த குற்றவாளியை மீட்பராக்கிவிட்டு, பண்டிகை கடைச்சரக்காகிப் போனதைக் கண்டு மனம் ஒடிந்து நிற்கிற சிறுவனைப் பிடித்து ‘சந்தையின் தூதன்’ என்கிறார். படத்தில் அந்தப் பையனின் நாயே தன் கூண்டுக்கு விளக்கு மாட்டிப் பரிசுப் போட்டியில் சேர்ந்திருக்கிறது. தங்கை, பரிசு வாங்கச் சிரமமாக இருந்தால் பத்தும் இருபதுமாகப் பணத்தாளாகவே அனுப்பிவிடும்படி கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குக் கடிதம் எழுதுகிறாள். பளபளக்கும் அலுமினிய மரம் வாங்கப் போனவன் ஊசியிலை உதிரும் நோஞ்சான் மரக்கன்று ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து எல்லோரிடமும் ஏச்சு வாங்குகிறான். சந்தை தன் தூதனை இப்படியா நடத்தும்?

வணிகத்தைப் பற்றிப் பேச விஷயம் இல்லாமலில்லை. பண்டிகை வணிகமாகிவிட்டதே என்று புலம்பும் இந்தப் படத்துக்குப் பணம் கொடுத்தது கோகோ கோலா. முதல் ஒளிபரப்பில் அந்நிறுவனத்தின் பெயர் படத்துக்குள்ளேயே இருந்தது, பிற்பாடுதான் வெட்டினார்கள். 2020இல் உரிமை ஆப்பிள் நிறுவனத்தின் கைக்குப் போனது. தன்னை விற்பவனைத் திட்டிக்கொண்டே விற்பனையாகிற கலையின் இந்தச் சங்கடத்தை அவர் தொட்டிருந்தால் நான் பேனாவை மூடி வைத்திருப்பேன். ஆனால் அதைத் தொட்டால் நம் வீட்டுக் கதவும் திறந்துகொள்ளுமே! ஆண்டு தவறாமல் தீபாவளிச் சிறப்பு மலரில் அவர் கட்டுரை வருகிறது. அது தொடங்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் கழுத்து நிறையச் சங்கிலியோடு சிரித்துக்கொண்டிருக்கும் பெண் யாருடைய பண்பாட்டைக் காத்துக்கொண்டிருக்கிறாள்?

அடுத்தது பனி. பனியே பெய்யாத தீவில் பிறந்த பிள்ளைக்குப் பனிக்கதை எதற்கு என்கிறார். ஐந்திணை பற்றி மேடையேறும்போதெல்லாம், பாலை நிலத்தைக் கண்ணால் கண்டவர்கள் மட்டும் உட்காருங்கள், மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டா அவர் உரையைத் தொடங்குகிறார்? தோ பாயோ அடுக்குமாடியில் வளரும் பிள்ளைக்குக் கலித்தொகையின் பாலையும் ஒன்றுதான், சார்லி பிரவுன் சறுக்கி விளையாடும் உறைந்த குளமும் ஒன்றுதான். இரண்டையும் அது கதை வழியாகத்தான் மிதித்தாக வேண்டும். டாங்லின் மாலில் டிசம்பர் மாலைகளில் சோப்பு நுரையைப் பனி என்று சொல்லிப் பிள்ளைகள் தலையில் பொழியவிட்டார்களே, அந்தப் பனிக்கு ஏன் கட்டுரையில் அரை வரிகூட இல்லை?

மதப் பிரச்சாரம் என்ற குற்றச்சாட்டுக்குத்தான் கைதட்டல் அதிகம். லைனஸ் என்ற சிறுவன் மேடை நடுவில் நின்று லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்திலிருந்து சில வசனங்களை ஒப்பிக்கிறான், உண்மை. அதைக் கேட்ட தமிழ்ப் பிள்ளை மறுநாளே மதம் மாறிவிடுமாம். இதே கட்டுரையாளர், தமிழின் பெருமையைப் பட்டியலிடும் வேளைகளில் வீரமாமுனிவரின் தேம்பாவணியை விட்டதே கிடையாது. அந்தக் காப்பியத்தின் தலைவன் சூசை. அவர் மடியில் வளரும் குழந்தை யார் என்று நினைத்துக்கொண்டு புகழ்ந்தார்? லூக்கா தரங்கம்பாடி அச்சகத்தில் தமிழில் அச்சேறியது 1715 வாக்கில். திருக்குறள் அச்சேற 1812 வரை காத்திருந்தது. ஆயிரக்கணக்கான பாடல்களில் இதே கதையைக் கேட்டும் மாறாத தமிழன், கம்பளியைக் கட்டிக்கொண்டு திரியும் ஒரு பொடியன் ஒரு நிமிடம் பேசியதில் மாறிவிடுவான் என்றால், கட்டுரையாளர் சந்தேகப்படுவது கார்ட்டூனையா, தமிழனையா?

‘அந்நியப் பண்டிகை’ என்று அவர் எழுதிய இடத்திலிருந்து எழுந்து சிராங்கூன் சாலை வழியாக நடந்தால், ஓஃபிர் சாலையில் 1888இல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகவே கட்டி முடித்த லூர்து அன்னை ஆலயம் நிற்கும். ஷார்ட் ஸ்திரீட்டில் தமிழ் மெதடிஸ்டுகளின் தேவாலயம். நள்ளிரவில் அங்கே தமிழில் பாடிவிட்டு வருகிறவர்களிடம் போய், உங்கள் பண்டிகை இந்த ஊர்த் தமிழருக்கு அந்நியமாமே என்று கேட்டுப் பார்க்கட்டும்.

கடைசியாக, படம் குழந்தைகளுக்கு ஆகாத அளவு சோகமாக இருக்கிறதாம், மெதுவாக நகர்கிறதாம். புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. சிபிஎஸ் நிர்வாகிகள் 1965இல் படத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு முகம் சுளித்ததும் இதற்குத்தான். பதிவுசெய்த சிரிப்பொலி கிடையாது; பின்னணியில் வின்ஸ் குவரால்டியின் ஜாஸ்; குரல் கொடுத்ததில் பெரும்பாலும் நிஜக் குழந்தைகள், தங்கை சாலிக்குக் குரல் கொடுத்த சிறுமி வாசிக்கவே தெரியாத வயதில் இருந்ததால் வரி வரியாகச் சொல்லிக்கொடுத்துப் பதிவு செய்தார்கள். இதெல்லாம் எடுபடாது என்று நினைத்தார்கள். அன்றிரவு அமெரிக்காவில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இதைத்தான் பார்த்தார்கள். எம்மி விருதும் பீபடி விருதும் பின்னால் வந்தன. அறுபது ஆண்டுக்கு முன்பு அசடு வழிந்த அதிகாரிகளின் கருத்தை இன்று சொந்தக் கண்டுபிடிப்பாக நீட்டுவதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும். சோகம் ஆகாது என்பவர் தன் பேரனுக்குச் சொல்வது என்ன கதை? காக்கை வடையைத் திருடுகிறது, நரி காக்கையை ஏமாற்றுகிறது, பாட்டிக்கு வடையும் போய் நியாயமும் போய்விடுகிறது. அதைச் சொல்லிவிட்டுத்தான் தூங்க வைக்கிறார்.

இத்தனை கோபம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு விடை கட்டுரையிலேயே, ஓரமாக, அவசரமாகத் தாண்டிப் போகிற ஒரு வாக்கியத்தில் இருக்கிறது: தைப்பூசத்துக்கு விடுமுறை இல்லை, கிறிஸ்துமஸுக்கு உண்டு. உண்மையான மனக்குறைதான், எனக்கும் உண்டு. பொது விடுமுறைகளைக் குறைத்து 1968இல் அரசாங்கம் கொண்டுவந்த மாற்றத்தில் தைப்பூசம் பட்டியலிலிருந்து போனது. அதைக் குறித்துக் கேட்க நாடாளுமன்றம் இருக்கிறது, மக்களைச் சந்திக்கும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அங்கே கேட்டால் பெயரும் அடையாள அட்டை எண்ணும் எழுதிக்கொள்வார்கள். சார்லி பிரவுன் எதுவும் எழுதிக்கொள்ள மாட்டான். கேட்க வேண்டிய இடத்தில் தொண்டை அடைத்துக்கொள்வதால், பதில் சொல்ல முடியாத ஒரு கோட்டோவியப் பையன்மேல் ஐம்பது ஆண்டுக்கு மேலான வயிற்றெரிச்சல் இறங்குகிறது.

மாற்றாக அவர் கேட்பது, நமக்கே நமக்கான தீபாவளிக் கார்ட்டூன். தாராளமாக வரட்டும், பெரியவர்கள் மூக்கால் பேசிக் குழந்தைக் குரல் காட்டாமல், பிள்ளைகளே பேசட்டும். அதில் ஒரு பையன் புதுச் சட்டையோடு பஃபல்லோ ரோட்டில் நின்றுகொண்டு, எல்லாம் இருக்கிறது, ஆனால் எனக்குச் சந்தோஷமாக இல்லையே என்று சொல்வான் என்றால், முதல் கண்டனக் கட்டுரையை எழுதப்போகிறவர் யார் என்று ஊருக்கே தெரியும்.