கேட்டறிதலும் தொட்டறிதலும்

கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுவதே பார்வை என்று பண்டைய கிரேக்க அறிஞர் சிலர் கருதினர். பஸ்ராவில் 965-இல் பிறந்த இப்னுல் ஹைதம் இதனை மறுத்தார். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுள் புகுவதாலேயே காண்கிறோம் எனத் தம் 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஏழு பாக ஒளிநூலில் நிறுவினார். சொல்லால் மட்டும் அவர் வாதிடவில்லை. இருட்டறையின் சிறு துளைக்கு வெளியே பல விளக்குகளை ஏற்றிவைத்தார். உள்ளே, விளக்கு ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒளிப்புள்ளி தோன்றியது. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய புள்ளி மட்டும் மறைந்தது. ஒரே துளையில் கூடினும் கதிர்கள் தம்முள் கலவாமல் நேரே செல்கின்றன என்பது இவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது.

இப்பெருமையை மீலாது மேடைகளில் கேட்டு மகிழ்கிறோம். அவர் செய்து பார்த்ததை நம் பிள்ளைகள் செய்து பார்க்கின்றனரா?

திருநெல்வேலியில் 1987-இல் மாவட்ட அறிவியல் மையம் திறக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில், பள்ளிச் சிறுவனாக நான் அங்குச் சென்றேன். 'தொடாதே' என்னும் சொல்லைக் கேட்டே வளர்ந்த எங்களுக்கு, அங்கே தொட்டுப் பார்க்கும் உரிமை கிடைத்தது. குழியாடியின் அருகே நின்றால் முகம் பெருத்தது; பின்னே நகர நகர உருவம் கலங்கித் தலைகீழாயிற்று. குவியாடியிலோ எவ்வளவு விலகினும் உருவம் சிறுத்து நிமிர்ந்தே நின்றது. பின்னாளில் குவியத் தொலைவு பற்றிப் படித்தபோது, அது என் கால்கள் முன்னரே அளந்த தொலைவாக இருந்தது.

அன்று எங்கள் பேருந்தில் மாணவர் மட்டுமே இருந்தனர். என் தமக்கை, நான் சொல்லக் கேட்டதோடு அமைந்தார்.

செலவு, பாதுகாப்பு, பாடச்சுமை எனப் பெரியோர் கூறும் காரணங்கள் பொய்யல்ல. ஆயினும், ஒரு திருமண விருந்தின் ஆடம்பரத்தைச் சற்றே குறைத்தால் ஒரு பேருந்தின் வாடகை கிடைத்துவிடும். ஆசிரியைகளும் தாய்மாரும் உடன் சென்றால் அச்சம் நீங்கும். நம் பள்ளிகளிலும் மதரசாக்களிலும் பயிலும் ஆண், பெண் பிள்ளைகள் அனைவரையும் ஒருமுறையேனும் அறிவியல் மையத்துக்கு அழைத்துச் செல்வதை ஜமாஅத்துகள் தம் கடமையாகக் கொள்ள வேண்டும். தொலைவிலுள்ள சிற்றூர்களுக்கோ, ஓர் அட்டைப்பெட்டியும் ஊசித்துளையும் எண்ணெய் தடவிய தாளும் தொடக்கத்திற்குப் போதும்.

முன்னோர் பெயரைச் சொல்லிப் பெருமை கொள்வது எளிது. அவர்தம் வழியில் ஆய்ந்து பார்க்கும் வாய்ப்பினைப் பிள்ளைகளுக்கு அளிப்பதே அப்பெருமைக்கு நம்மை உரியவராக்கும்.