பெயரை வாடகைக்கு விடாதீர்!

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறன்று, மத்ரஸா மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்திலுள்ள செண்பகத்தோப்புக்குச் சென்றிருந்தேன். தோப்புகள் முடிந்து காடு தொடங்குமிடத்தில் வனத்துறை ஊழியர் எங்கள் ஊரையும் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டார். சாம்பல்நிற அணிலும் புலியும் வாழும் காட்டுக்குள் நுழைபவன் யாரெனத் தெரிய வேண்டாமா? எங்களில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

அன்று மாலை இராஜபாளையத்தில், பழைய மாணவன் ஒருவன் தேடி வந்தான். முகத்தில் களையே இல்லை. 'கிரிப்டோ' எனும் மின்நாணயச் சந்தையொன்றில் தன் ஆதார், பான் அட்டை, முகப்படம் ஆகியவற்றைக் கொடுத்துக் கணக்குத் திறந்திருக்கிறான். அறிமுகமில்லாத ஒருவன் இவனது வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்புவான். இவன் அதற்கு மின்நாணயம் வாங்கி, அவன் காட்டும் 'வாலட்'டுக்கு, அதாவது மின்பணப்பைக்கு, மாற்றிவிட வேண்டும். நூற்றுக்கு இரண்டு ரூபாய் கமிஷன். இரண்டே மாதத்தில் வங்கிக் கணக்கு முடக்கப்பட்டது. வெளிமாநிலக் காவல் நிலையத்திலிருந்து அழைப்பாணையும் வந்தது. அந்தப் பணம் எங்கோ ஒரு முதியவரை மிரட்டிப் பறித்ததாம்.

"ஹஜ்ரத், நான் யாரையும் ஏமாற்றவில்லையே! என் பெயரைத்தானே கொடுத்தேன்?" என்றான்.

அந்தத் 'தானே'தான் என்னை எழுத வைத்தது.

2002-ஆம் ஆண்டின் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ், 2023 மார்ச் 7 முதல் மின்நாணயச் சந்தைகளும் கொண்டுவரப்பட்டன. அவை நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்தல் வேண்டும். அனுப்புபவர் யார், பெறுபவர் யார் என்ற விவரம் பணத்தோடு கூடவே செல்லுதல் வேண்டும். பாரிஸில் இயங்கும் நிதி நடவடிக்கைப் பணிக்குழு 2019-இல் மின்நாணயத்துக்கும் விரித்த 'பயண விதி' இதுவே. பதிவின்றி இயங்கிய ஒன்பது வெளிநாட்டுச் சந்தைகளுக்கு 2023 டிசம்பரில் அறிவிக்கை சென்றது. அவற்றுள் ஒன்றான பைனான்ஸ் மீது 2024 ஜூனில் 18.82 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது.

"என் பணம் யாருக்குப் போனால் அரசுக்கென்ன?" என்று கேட்கும் மேதாவிகள் நம்மிலும் உண்டு. திருமறையின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதுமன்று. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளவும் சாட்சி வைக்கவும் பணிக்கும் வசனம் அது. இவ்வசனத்தை ஓதிவிட்டு, எழுத்தில்லாப் பணமே சுதந்திரம் என்று பேச எப்படி நாக்கு வருகிறது?

நாம் இழந்த ஒரு சொல்லையும் இங்கே குறிப்பிட வேண்டும். 'ஹவாலா' ஃபிக்ஹு நூல்களில் தனிப் பாடம். கடன்பட்டவன் தன் கடனை இன்னொருவர் பொறுப்பில் மாற்றிவிடும் நேர்மையான ஒப்பந்தம் அது. கொடுப்பவர், பெறுபவர், பொறுப்பேற்பவர் மூவரும் தெரிந்தவர், தொகையும் தெரிந்தது. அந்தச் சொல்லை இன்று செய்தித்தாளில் கள்ளப் பணத்தின் பெயராகப் படிக்கிறோம். பெயரை மறைத்து உண்டியல் நடத்தியவர்கள் நம் கலைச்சொல்லையே களங்கப்படுத்திவிட்டார்கள். பெயர் தெரியாத வாலட்டுக்குப் பணம் தள்ளுபவனும் அந்த வேலையைத்தான் செய்கிறான்.

என் மாணவன் செய்தது இதனினும் கொடிது. பணத்தை மாற்றும்போது, "இந்த வாலட் யாருடையது?" என்று சந்தை கேட்டிருக்கிறது. "என்னுடையது" என்று உறுதிகூறியிருக்கிறான். இதற்கு நம் நூல்களில் பொய்ச்சாட்சி என்று பெயர். பெரும்பாவங்களின் வரிசையில் அது இருப்பதை அவனுக்கு நானே பாடம் நடத்தியிருக்கிறேன். காவல் கடுமையாகக் கடுமையாகக் கள்வனுக்குத் தன் சொந்தப் பெயர் உதவாது. கறைபடியாத பெயர் ஒன்று அவனுக்கு வேண்டும். வேலையற்ற ஏழைப் பிள்ளையின் பெயர் மலிவாகக் கிடைக்கிறது. தெரிந்தே துணைபோனான் என்று நிரூபணமானால் சட்டம் தருவது மூன்று முதல் ஏழாண்டு வரை கடுங்காவல்.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. அரசிடம் பதிவு பெற்ற சந்தை என்றதும், பணத்துக்கு அரசே ஜாமீன் என்று எண்ணுவோர் பலர். வசீர்எக்ஸ் பதிவு பெற்றதுதான். 2024 ஜூலையில் அதன் வாலட் ஒன்றிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவு போயின; முகத்தையும் அட்டையையும் காட்டிச் சேர்ந்த எளிய மக்கள் மாதக்கணக்கில் தவித்தார்கள். திருட்டுப் பணம் எவ்வழியே போயிற்று என்று காட்டத்தான் இவ்விதிகள். உங்கள் பணத்தைக் காக்க அல்ல. இதை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடச் செய்ய அரசுக்கு என்ன தடை?

என் மாணவனை வழக்கறிஞர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். கமிஷனாக அவன் பெற்றது பதினோராயிரம் ரூபாய். முடங்கிக் கிடக்கும் கணக்கில், தங்கை திருமணத்துக்கென்று அவன் தாய் சேர்த்து வைத்த எண்பதாயிரமும் இருக்கிறது.