சாய்தளம் வந்துவிட்டது, கைப்பிடி?

பழைய அரசுக் கட்டடம் ஒன்றைப் புதுப்பித்துத் திறக்கும்போது வாசலில் சாய்தளம் இருக்கிறதா என்று பார்க்கிறோம். இருந்தால் மனநிறைவு. அதில் சக்கர நாற்காலியில் ஏறி வந்தவர் கதவை எப்படித் திறப்பார் என்று நாம் கேட்பதில்லை.

அங்கே இருப்பது பித்தளைக் குமிழ். இறுகப் பிடித்துத் திருகினால்தான் திறக்கும். வாதத்தால் விரல் மடங்கிப்போன நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அது பூட்டிய கதவுதான். கீழே அழுத்தித் திறக்கும் நீளமான கைப்பிடியென்றால் முழங்கையே போதும். அமெரிக்காவின் விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது: ஒரே கையால், இறுகப் பிடிக்காமல், மணிக்கட்டைத் திருகாமல் திறக்க வேண்டும், கைப்பிடி தரையிலிருந்து 34 முதல் 48 அங்குல உயரத்துக்குள் இருக்க வேண்டும். வரலாற்றுக் கட்டடத்துக்கு அங்கும் விலக்கு உண்டு. ஆனால் மாற்றினால் அதன் தொன்மையே கெடும் என்று உரிய அதிகாரி தீர்மானித்தால் மட்டும்தான்.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களைச் சீராக்க ஐந்தாண்டு அவகாசம் தந்தது. 2017இல் விதிகள் வந்தன. 2022இல் கெடு முடிந்தது. அந்த விதிகளில் அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாகவே இருந்தன. ராஜீவ் ரத்தூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. கட்டாயத் தரங்களை மூன்று மாதங்களில் வகுக்கச் சொன்னது.

‘தொன்மை கெட்டுவிடும்’ என்ற பதில் பெரும்பாலும் சோம்பல்தான். பழைய குமிழை அப்படியே விட்டு அருகில் புதுக் கைப்பிடி பொருத்தலாம். அலுவல் நேரத்தில் கதவைத் திறந்தே வைக்கலாம், செலவே இல்லை. ஆர்க்காடு நவாபின் சேப்பாக்கம் அரண்மனையில் 2012இல் தீக்கிரையான கலச மஹாலைச் சுண்ணாம்புக் காரை கொண்டே மீட்டெடுத்தார்கள். அந்தப் பொறுமை ஒவ்வொரு புதுப்பிப்பிலும் தாழ்ப்பாள் வரை நீள வேண்டும்.

இது அரசுக்கு மட்டும் சொல்வதல்ல. அச்சட்டம் ‘பொதுக் கட்டடம்’ என்பதில் மக்கள் கூடும் தனியார் கட்டடங்களையும், சமயப் பணிக்கானவற்றையும் சேர்த்தே சொல்கிறது. நூறாண்டு கண்ட நம் பள்ளிவாசல்களும் அதில் அடங்கும். ரமழானுக்கு முன் வெள்ளையடிக்கும்போது ஜமாஅத் நிர்வாகிகள் ஒருவர், ஒளூ செய்யும் இடத்துக் கதவருகே நாற்காலி போட்டு அமர்ந்து, எழாமல் தாழ்ப்பாளை எட்டித் திறந்து பார்க்கட்டும்.